காப்பி டப்பாவில் சூசையப்பர்

பஃபலோ
28 செப்டம்பர் 2002

டேய் ரே,

மூன்று வாரமாக உன் தெருவிலேயே கிடந்தேன். நீ ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. உன் வீட்டுக் கதவை நான்கு தடவை தட்டினேன். நான்கு தடவையும் டொலோரஸ்தான் திறந்தாள். "மீன் பிடிக்கப் போயிருக்கார்" என்றாள். கொட்டுகிற மழையில் என்ன மீன்டா பிடித்தாய்? பாவம், உன் மனைவிக்குப் பொய் சொல்லவே வரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். உன் லாரி பின்பக்கம்தான் நின்றுகொண்டிருந்தது.

நாளைக் காலை நியூயார்க் கிளம்புகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

படப்பிடிப்பு முடிந்துவிட்டது. நம்மைப் பற்றி ஒரு படம், நினைத்துப் பார்! எட்டாம் வகுப்பு, சிஸ்டர் அல்ஃபோன்சாவின் மர ஸ்கேல், பூசையில் உதவ நாம் போட்ட பீடப்பையன் அங்கிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சிஸ்டரின் ஈஸ்டர் கூடையிலிருந்த, வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டியின் தலையை நீ கடித்துத் தின்றாயே, அந்தக் காட்சியை ஒன்பது தடவை எடுத்தோம். உன் வேடத்தில் நடித்த பையன் ஒன்பது தலையையும் விழுங்கிவிட்டு சாயங்காலம் வரை வாந்தி எடுத்தான்.

எங்கள் பழைய வீட்டிலேயே படம் எடுக்க இப்போதைய வீட்டுக்காரர் சம்மதித்தார். பல வருடம் கழித்து உள்ளே போனேன். கதை அந்த வீட்டில்தான் இருக்கிறது. இரும்பாலையில் அப்பாவுக்கு வேலை போனது, அவர் ஹூஸ்டனுக்கு முன்னால் போனது, வீடு விற்றதும் நாங்களும் வருகிறோம் என்று அம்மா சொன்னது, வீடு சீக்கிரம் விற்க வேண்டுமென்று வாசற்படி ஓரம் புனிதர் சூசையப்பரின் சிறிய சிலையைத் தலைகீழாகப் புதைத்தது, எல்லாம். அப்படியும் பதினைந்து மாதம் வீடு விற்கவில்லையே! அப்பாவின் தொலைபேசி அழைப்பு வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு அவர் வேறொருத்தியோடு அங்கேயே தங்கிவிட்டார். அந்த வசந்தத்தில் வீடு விற்றிருந்தால் நான் அப்பாவோடு வளர்ந்திருப்பேன். படம் இதைத்தான் சொல்கிறது.

ஒரு வேடிக்கை கேள். சூசையப்பரைப் புதைக்கும் காட்சிக்காக அதே இடத்தில் குழி தோண்டினோம். ஒரு சாண் ஆழத்தில் கரண்டி எதிலோ இடித்தது. எடுத்துப் பார்த்தால் சுரூபம்! ஆனால் சூசையப்பர் இல்லை. தோளில் குழந்தை இயேசுவைச் சுமக்கும் கிறிஸ்தோபர். காரின் முன்பக்கம் ஒட்டி வைப்பார்களே, அந்தப் பிளாஸ்டிக் பொம்மை, அடியில் காந்தத்தோடு. ஈரியிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "நான் பொதைச்சது சூசையப்பர்தான்" என்று அடித்துச் சொன்னாள். பிறகு ஏனோ பேச்சை மாற்றிவிட்டாள்.

இது எப்படி நடந்திருக்கும்? உனக்கு ஏதாவது தெரியுமா?

கோபத்தோடும் அன்போடும்,
ஜெரி


பஃபலோ
20 அக்டோபர் 2002

ஜெரி,

கடிதம் கிடைத்தது. வேலை அதிகம். குளிர்காலத்துக்கு முன் பழைய தண்ணீர்க் குழாய்களை மாற்ற வேண்டுமென்று நகராட்சி எங்கள் உயிரை வாங்குகிறது. தினமும் தெருவைத் தோண்டுகிறேன். அதனால்தான் உன்னைப் பார்க்க வர முடியவில்லை.

முதலில் ஒன்றைத் திருத்து. ஆட்டுக்குட்டியின் தலையைத் தின்றது நீ. நான் தின்றது பின்பாதி. சிஸ்டர் வந்தபோது உன் வாய் நிறைய வெண்ணெய் இருந்ததால் உன்னால் பேச முடியவில்லை. அதனால் நான் பேசினேன், அதனால் ஸ்கேல் என் கையில் விழுந்தது. இருபது வருடமாக ஊரெல்லாம் என்னைத்தான் தலை தின்றவன் என்கிறது. போதாததற்கு இப்போது படமாகவே எடுத்துவிட்டாய்.

ஈஸ்டர் மறுநாள் டிங்கஸ் தண்ணீர் விளையாட்டுக்குக் கோயில் தொட்டியிலிருந்து மந்திரித்த தீர்த்தத்தைத் துப்பாக்கியில் நிரப்பியது மட்டும் என் யோசனை. அதை ஒத்துக்கொள்கிறேன். சிஸ்டர் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றபோது நீதான் சொன்னாய், "இப்ப அவங்கள எந்தப் பேயும் பிடிக்காதுடா" என்று. அதைப் படத்தில் வை.

அந்தச் சுரூபத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? உன் அம்மா அவசரத்தில் எதையாவது எடுத்துப் புதைத்திருப்பார். வயதானவர்களுக்கு ஞாபகம் தப்பும். அந்தக் காட்சியை நீக்கிவிடேன். அடுத்தவன் வீட்டை எடுத்து வெள்ளித்திரையில் காட்டி என்ன ஆகப்போகிறது? வெள்ளிக்கிழமைகளில் நீ எங்கள் வீட்டில் மீன் வறுவல் தின்றுவிட்டு என் கட்டிலில் குறுக்கே படுத்துத் தூங்குவாயே, அதையெல்லாம் காட்டு. பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ரே


நியூயார்க்
24 நவம்பர் 2002

ரே,

அம்மாவுக்கு ஞாபகம் தப்புமா? மூன்றாம் வகுப்பில் உன் சட்டையில் எத்தனை பொத்தான் இல்லை என்று இன்றைக்கும் சொல்வாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் புனிதர்களின் சுரூபங்களைத் தடவிப் பார்த்து இது அந்தோணியார், இது யூதா ததேயு என்று சொல்கிறவள் அவள். அவள் தப்பாகப் புதைத்தாளாம்! என்ன தைரியம் உனக்கு!

காட்சியை நீக்க முடியாது. அது இல்லாவிட்டால் படமே இல்லை. என் அப்பா போன கதை உனக்கு ஏன் உறுத்துகிறது? உன் அப்பா தினமும் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தார். அப்பா வராத வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

மே பத்தாம் தேதி, சனிக்கிழமை, நம் பங்குக் கோயில் கூடத்தில் முதல் காட்சி. அம்மா வருகிறாள். எண்பத்திரண்டு வயதில் சிஸ்டர் அல்ஃபோன்சாவும் சக்கர நாற்காலியில் வருகிறாராம். நீ வந்தால் வா. வராவிட்டால் மீன் பிடிக்கப் போ.

ஜெரி


பஃபலோ
5 மார்ச் 2003, சாம்பல் புதன்

ஜெரி,

மூன்று மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலை நெற்றியில் சாம்பலோடு லாரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

நான்தான் எடுத்தேன்.

1983, பெரிய வெள்ளி. உனக்கு நினைவிருக்கும், அன்று மணி அடிக்காமல் மரக்கட்டையைத் தட்டுவோம். கட்டை என் கையில் இருந்தது. இயேசுவின் பாடுகளின் வாசிப்பு தொடங்கியதும் அதை உன் கையில் திணித்து, "வயித்த வலிக்குதுடா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஊரே கோயிலில் இருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அம்மாவின் சூப் கரண்டியால் உங்கள் வாசலில் தோண்டி சூசையப்பரை எடுத்தேன். நீ ஹூஸ்டனுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். நீ போய்விட்டால் நான் யாரோடுடா இருப்பேன்?

உன் அம்மா சனிக்கிழமைதோறும் மண்ணுக்குள் விரலை விட்டு அவர் இருக்கிறாரா என்று பார்ப்பார் என்று நீதான் சொல்லியிருந்தாய். குழி காலியாக இருந்தால் மாட்டிக்கொள்வேனே! பென்னி மாமாவின் காரிலிருந்து கிறிஸ்தோபரைப் பிய்த்துக்கொண்டு வந்து அதே இடத்தில் தலைகீழாகச் சொருகினேன். என் மூளையைப் பார். வீட்டை விட்டு யாரும் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, வழிப்போக்கர்களின் காவலரைப் புதைத்திருக்கிறேன்! பத்து நாளில் மாமா பால் வண்டியில் மோதி, "கிறிஸ்தோபரைத் திருடின பய விளங்கவே மாட்டான்" என்று கத்தினார். அவர் சொன்னது பலித்தது.

வீடு விற்கவில்லை. முதலில் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. பிறகு உன் அப்பாவின் போன் குறைந்தது. ஒரு நாள் பள்ளிக் கழிப்பறையில் நீ குழாயைத் திறந்துவிட்டு அழுதாய். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். சூசையப்பரை அன்றே கொண்டுபோய்த் திரும்ப வைத்திருக்க வேண்டும். பயம். வைக்கவில்லை.

பாவங்களை ஃபாதரிடம் ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. ஃபாதர் ஸ்டான் அம்மாவின் உறவு, என் குரல் தெரியும். வெண்ணெய், தீர்த்தம், பொய், எல்லாம் சொன்னேன். இதை மட்டும் முழுங்கினேன். ஒரு பாவத்தை வேண்டுமென்றே மறைத்தால் மற்ற எதற்கும் மன்னிப்பு இல்லை, அந்த நிலையில் பூசையில் நற்கருணை அப்பத்தை, அதாவது நன்மை, வாங்கினால் அது தேவதுரோகம் என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? நீ தூங்கியிருப்பாய். நான் தூங்கவில்லை. அதற்குப் பிறகு நான் நன்மை வாங்கவே இல்லை. இருபது வருடம். கல்யாணத்தன்றுகூடக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தேன். நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாதல்லவா? ஞாயிறுதோறும் பூசைக்குக் கிளம்பும்போது வேண்டுமென்றே ஒரு டோனட் தின்பேன். யாராவது கேட்டால், "சாப்பிட்டுட்டேன்" என்பேன். டொலோரஸ் பல வருடமாகக் கேட்பதில்லை. டோனட் மட்டும் வாங்கி வைக்கிறாள்.

மே நான்காம் தேதி என் மகள் தெரேசாவுக்குப் புதுநன்மை, முதல் முறையாக நன்மை வாங்கும் நாள். பிள்ளைகளுக்குப் பின்னால் பெற்றோரும் வரிசையில் போய் வாங்க வேண்டும். போன வாரம் கேட்டாள், "அப்பா, அன்னிக்கு மட்டும் டோனட் சாப்பிடாம இருப்பியா?" என்று.

ஃபாதரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னிடமிருந்து எடுத்ததை உன்னிடம் சொல்லாமல் அவரிடம் சொல்லித் தப்பிப்பது ஏமாற்று வேலை. அதனால் முதலில் உன்னிடம் சொல்கிறேன். உன் அப்பாவை உன்னிடமிருந்து எடுத்தது நான். நீ மன்னிக்காவிட்டால் நான் ஃபாதரிடம் போகமாட்டேன். சூசையப்பர் என் கராஜில் காப்பி டப்பாவுக்குள் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

ரே


நியூயார்க்
19 மார்ச் 2003

ரே,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதலில் சிரித்தேன். அப்புறம் சமையலறை நாற்காலியை உதைத்ததில் கால் வீங்கிவிட்டது.

பதின்மூன்று வயதுப் பையன்மீது கோபப்படுவது முட்டாள்தனம். ஆனால் அதன்பிறகு இருபது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு முப்பத்திமூன்று வயது. அவன்மீது கோபப்படலாம். இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

இதை அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. தபாலிலோ போனிலோ சொல்லவும் முடியாது. குருத்து ஞாயிறுக்கு ஈரி போகிறேன். அதுவரை எனக்கு எழுதாதே.

ஜெரி


ஈரி
14 ஏப்ரல் 2003

டேய் ரே, என் ஆட்டுத்தலைத் திருடா,

உட்கார்ந்துகொண்டு படி. கையில் காப்பி இருந்தால் கீழே வை. ஏன் என்று பிறகு தெரியும்.

நேற்றுச் சாயங்காலம் அம்மா மேசையில் குருத்தோலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தை முழுதும் வாசித்துக் காட்டினேன். அழுவாள் என்று கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். ஓலை கையிலிருந்து விழுந்தது. பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்!

"அதுதானா! ஒரு சனிக்கிழம விரல விட்டேன், தோள்ல என்னமோ பொடைச்சிட்டிருந்துச்சு. சூசையப்பருக்கு எப்ப கூன் விழுந்துச்சுன்னு நெனைச்சேன். சத்தமில்லாம மூடிட்டு வந்துட்டேன்."

"தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்த?"

"எனக்கு அந்த வீடு விக்கக் கூடாதுடா."

ரே, அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறாள். வீடு பார்க்க ஆறு பேர் வந்தார்களாம். அவர்கள் வருவதற்கு முதல் நாள் ஆறின காப்பியில் துணியை முக்கி, அடித்தள அறையின் சுவரைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு இழுத்து வைத்திருந்தாள். வருகிறவர்களைத் தானே கீழே அழைத்துப் போய், "பாத்து எறங்குங்க, வழுக்கும். போன வசந்தத்துல தண்ணி இதுவரைக்கும்தான் ஏறுச்சு, அதுக்கு முந்தின வருஷம் இன்னும் மேல" என்பாளாம். ஆறு பேரும் மேலே வந்து தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். எங்கள் அடித்தளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறியதில்லை என்பது உனக்கே தெரியும். அங்கேதானே நாம் சிகரெட்டை ஒளித்து வைத்தோம்!

"அப்புறம் எதுக்கு சூசையப்பரப் பொதைச்ச?" என்று கத்தினேன்.

"தெருவே பாத்துட்டிருந்துச்சே. புருஷன் கூடப் போக இஷ்டமில்லன்னு ஃபாதர் ஸ்டான் கிட்டச் சொல்ல முடியுமா, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கிட்டச் சொல்ல முடியுமா? எல்லாரும் பாக்கட்டும்னுதான் பட்டப்பகல்ல குழி தோண்டினேன். பொதைக்கும்போது மெதுவா அவர் காதுல சொன்னேன், 'சூசையப்பரே, மன்னிச்சுக்குங்க, நான் கேக்கறதக் குடுத்துடாதீங்க'ன்னு."

ஏன் போக இஷ்டமில்லை என்று கேட்டேன். விழுந்த ஓலையை எடுத்து, பின்னலைப் பிரித்து, மறுபடி பின்னினாள்.

"வெள்ளிக்கிழம சம்பள நாள். உன்ன எதுக்கு வெள்ளிக்கிழம தவறாம ரே வீட்டுக்குத் தூங்க அனுப்பினேன்னு நெனைச்ச? மீன் வறுவலுக்கா?"

நான் அதுவரை அது மீன் வறுவலுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். சனிக்கிழமைக் காலை நான் வீடு திரும்பும்போது அம்மா முழுக்கைச் சட்டை போட்டிருப்பாள். ஜூலை வெயிலிலும். படத்தில்கூட அந்த வேடத்துக்கு முழுக்கைச் சட்டைதான் கொடுத்திருக்கிறேன், ஞாபகத்தில் இருந்தபடியே. ஏன் என்று நானே என்னைக் கேட்டதில்லை.

"அந்தப் பதினஞ்சு மாசந்தான்டா நான் வெள்ளிக்கிழம ராத்திரியில நிம்மதியா தூங்கினேன்" என்றாள். அப்பா அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டார் என்று உறுதியான மறுநாள், ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கீழே போய்க் கோட்டைத் துடைத்தாளாம். ஏழாவதாக வந்தவர்கள் அந்த வாரமே வாங்கிவிட்டார்கள். நாங்கள் பெரியம்மா வீட்டுக்கு, இந்த ஈரிக்கு, வந்துவிட்டோம்.

கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்பா வேணும்னு அழுத புள்ள கிட்ட எதச் சொல்றது? அப்புறம், சொல்ல நேரமே வரல" என்றாள். அரைமணி நேரம் வெளியே நடந்துவிட்டு வந்தேன். திரும்பும்போது என்னென்னவோ இறங்கிப்போனதுபோல் இருந்தது. இத்தனை வருடமும் ஒரு வீட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், ஐந்து வாரமாக உன்னை. நிம்மதியாக இருக்கிறது, ரே. வெட்கமாகவும் இருக்கிறது.

நீ எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த வீடு விற்றிருக்காது. நான் மன்னிக்க அங்கே ஒன்றும் இல்லை. இல்லை, ஒன்று இருக்கிறது: நான்கு தடவை என்னை மழையில் நிற்கவைத்தாய். அதையும் மன்னித்துவிட்டேன்.

படத்தின் முடிவை மாற்றுகிறேன். ஒரு சுவர், ஒரு துணி, ஒரு கோப்பை ஆறின காப்பி. ஒரே நாள் வேலை. நடிகைக்குக் கோடு இழுப்பது எப்படி என்று அம்மாவே வந்து காட்டுகிறாளாம். "பால் ஊத்தாத காப்பியா இருக்கணும், பால் ஊத்தினா எறும்பு வந்துரும்" என்கிறாள்.

உனக்கு அவள் சொல்லியனுப்பியது இது: "அந்தப் பையன் எனக்கு ஒத்தாசைதான் பண்ணியிருக்கான். போய் ஃபாதரப் பாக்கச் சொல்லு. மொதல்ல சூசையப்பர டப்பாவுலேந்து எடுத்து நேரா நிக்க வைக்கச் சொல்லு, இருவது வருஷத்துல அவருக்குத் தலையே சுத்தியிருக்கும்."

உன்,
ஜெரி


பஃபலோ
5 மே 2003

ஜெரி,

உன் கடிதத்தைக் குழிக்குள் நின்றுகொண்டுதான் படித்தேன், தெருக்குழாய்க் குழிக்குள். கூட வேலை செய்கிறவன் எட்டிப் பார்த்து, "என்ன ரே, வீட்ல எதாவது கெட்ட சேதியா?" என்றான். அழுதுவிட்டேன். ஐந்து பேருக்கு முன்னால். இனி ஓய்வுபெறும் வரை கிண்டல்தான். பரவாயில்லை.

உன் அம்மாவின் வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் மனது கஷ்டமாக இருக்கிறது. என் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் கேட்காமலே உனக்கும் சேர்த்துத்தான் மீன் பொரிப்பாள்.

டப்பாவைத் திறந்தேன். மூக்கு கொஞ்சம் உடைந்திருக்கிறது, என் கரண்டி செய்த வேலை. கழுவிச் சமையலறை ஜன்னலில் நிறுத்தினேன். இது யாரென்று டொலோரஸ் கேட்டாள். அப்போதுதான் அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். சூசையப்பரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "பன்னண்டு வருஷமா நீ என்னத்த மறைக்கிறன்னு நான் என்னென்னவோ நெனச்சுக்கிட்டிருந்தேன். சூசையப்பரா?" என்று கேட்டு என் முதுகில் ஒன்று வைத்தாள். நல்ல பலமான அடி.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதுச் சாமியார், சின்ன வயது. முழங்காலிட்டுத் தொடங்கினேன், முடிக்க இருபது நிமிடம் ஆனது. வெளியே வரிசையில் நின்றவர்கள் நான் யாரையோ கொன்றுவிட்டேன் என்று முடிவு கட்டியிருப்பார்கள். கிறிஸ்தோபர் வந்த இடத்தில் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்று சொன்னார். இருமல் இல்லை. கடைசியில் பாவமன்னிப்பு கொடுத்துவிட்டு, "மூணு தடவ 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லுங்க. பத்தாம் தேதி அந்தப் படத்துக்கும் போங்க, அதுதான் உங்க பரிகாரம்" என்றார். ஆக, இனி எனக்கு வேறு வழியில்லை. வருகிறேன். உன் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. சிஸ்டரைப் பின்வரிசையில் உட்காரவை, ஸ்கேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். ஆட்டுத்தலை விஷயத்தை இன்னும் திருத்தவில்லை என்றால் கூடத்திலேயே எழுந்து கத்துவேன்.

நேற்றுக் காலை டொலோரஸ் வழக்கம்போல் டோனட் டப்பாவை நீட்டினாள். வேண்டாமென்றேன். மூடி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் பதினான்கு பேர். தெரேசா மூன்றாவது. வெள்ளை உடுப்பு, தலையில் பூவளையம், முன்பல் இரண்டு இல்லை. அவள் வாங்கிவிட்டு ஓரமாக நின்று நான் வருகிறேனா என்று பார்த்தாள். நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். பதின்மூன்று வயதில் நன்மை வாங்கக் கடைசியாக நடந்த அந்த நடைபாதையில் நடந்தேன். சாமியார் அப்பத்தை உயர்த்தி, "கிறிஸ்துவின் உடல்" என்றார். எனக்குப் பதில் மறந்துபோயிற்று. பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை நின்றது.

தெரேசா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஆமென் சொல்லுப்பா."

சொன்னேன்.

ரே